உபயதாரர் பாட்டும் புதுக் கம்ப்யூட்டரும்

ஜனவரி 19, ஞாயிறு

புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கொண்டுவந்து மாட்டிக் கொடுத்த ஷாகுல், போகும்போது ஒரு யோசனை சொன்னார். "அண்ணாச்சி, எதை மாத்தினாலும், புதுசா எதை மாட்டினாலும் தேதி போட்டு எழுதி வைங்க. பின்னால கோளாறுன்னா எங்கேருந்து ஆரம்பிச்சுதுன்னு கண்டுபிடிக்க லேசா இருக்கும்." உரக்கடையில் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

முறைப்படி தொடங்குவோம். என் பெயர் கோமதிநாயகம். வயது ஐம்பத்து நான்கு. தென்காசியில் 'அருள்நாதம் ஒலிப்பதிவுக் கூடம்' என்று போர்டு மாட்டியிருக்கிறேன். கூடம் என்பது எங்கள் வீட்டுப் பின்னறை. மெட்டுப் போடுவது, வாத்தியம் வாசிப்பது, பதிவு செய்வது, டீ வாங்கி வருவது எல்லாம் நான். பாடுவது என் மனைவி உலகம்மாள். கார்த்திகையில் ஐயப்பன், மார்கழியில் ஏசு, தையில் முருகன், பங்குனியிலிருந்து ஆடி வரை அம்மன். எந்தச் சாமியும் இதுவரை எங்களைக் குறை சொன்னதில்லை.

பழைய கம்ப்யூட்டர் சூடு தாங்காது. பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்துத்தான் ஓட்டினேன். பதிவு செய்யும்போது ஃபேனை அணைக்க வேண்டும். அணைத்தால் நாலு நிமிடத்தில் கம்ப்யூட்டர் படுத்துவிடும். எங்கள் பாட்டுகள் எல்லாம் சுருக்கமாக இருப்பதற்கு இதுதான் காரணம். ஊரில் "கோமதி வளவளன்னு இழுக்க மாட்டான்" என்று பெயர்.

புதியது ஓடுகிறதா என்று காது வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு அமைதி. உலகு வந்து பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள், "இதுல நம்ம பழைய மைக்க மாட்டிக்கிடலாம்லா?"

சிரித்துவிட்டேன். கல்யாண மாப்பிள்ளைக்குப் பழைய செருப்பா?

ஜனவரி 20

கம்ப்யூட்டர் கீபோர்டில் ஏழு வண்ணத்தில் விளக்கு எரிகிறது. அணைக்கத் தெரியவில்லை. துண்டு போட்டு மூடியிருக்கிறேன்.

ஜனவரி 25

புது மைக் வந்தது. திருநெல்வேலிக் கடைக்காரர் "இது ஊசி விழுந்தாலும் எடுக்கும்" என்றார். பொய்யில்லை. மாட்டியவுடன் பக்கத்து வீட்டு மிக்சி, எதிர்த்த வீட்டுக் குக்கர், மாடியில் காக்கா, கடைசியாக ஏதோ தூரத்து இடி. ஹெட்போனைக் கழற்றி வானத்தைப் பார்த்தேன், மேகமே இல்லை. மறுபடி கேட்டபோதுதான் தெரிந்தது, அது என் வயிறு. மத்தியானம் சாப்பிட மறந்திருந்தேன்.

முட்டைக் கடையில் காலி அட்டைகள் வாங்கி வந்து மூலையில் சுவர் முழுக்க ஒட்டினேன். அதன் நடுவே மைக். உலகு அந்த மூலையில் நின்றால் அடைக்கு வைத்த கோழி மாதிரி இருக்கிறாள். சொன்னேன். வழக்கமாக இதற்கு ஒரு பாட்டு வாங்கியிருப்பேன். இன்று முறைத்துவிட்டுப் போய்விட்டாள். புதுக் கம்ப்யூட்டர் மீது மரியாதை போலிருக்கிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

முப்பிடாதி அம்மன் கோவில் நிர்வாகி செல்லையா அண்ணாச்சி, கொடைத் திருவிழாவுக்கு உபயதாரர் பெயர்களோடு வந்தார்.

இந்தத் தொழிலின் சூட்சுமத்தை எழுதி வைக்கிறேன். கொடைப் பாட்டு வருஷா வருஷம் ஒன்றுதான். அம்மன் மாறப் போவதில்லை, மெட்டையும் மாற்றினால் சனங்களுக்குப் பிடிக்காது. மாறுவது உபயதாரர்கள் மட்டும். 'பந்தலிட்ட பால்துரைக்குப் பக்கத் துணை நீயம்மா' என்று போன வருஷம் பாடினோம். இந்த வருஷம் பந்தலிடுவது வேறு ஆள். பால்துரையைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் புது ஆளின் பெயரை மட்டும் உலகு பாடுவாள். நான் வெட்டி ஒட்டுவேன். ஒட்டு தெரியாது. இந்தப் பக்கம் எங்களை மிஞ்ச ஆளில்லை என்று நாங்களே சொல்லிக்கொள்வோம்.

இந்த வருஷப் பந்தல், டயர் கடை சங்கரலிங்கம். கடைப் பெயரும் பாட்டில் வர வேண்டுமாம்.

"புரோப்ரைட்டர்னு சேத்துட்டா நல்லாருக்கும்ங்கான் தம்பி" என்றார் செல்லையா அண்ணாச்சி.

"அண்ணாச்சி, அம்மனுக்கு இங்கிலீஷ் வருமா?"

"டயர்ஸாவது போடுப்பா. கோவிச்சுக்கிடுவான்."

இந்த மாதிரிச் சமயத்தில் அடுப்படியிலிருந்து உலகு வந்து, "அப்பொ டியூப் லைட்டு குடுத்தவருக்கு வாட்ஸையும் சேத்துப் பாடணுமோ?" என்று ஒரு போடு போடுவாள். அண்ணாச்சியும் அதைக் கேட்கவே வருவார் என்று நினைக்கிறேன். இன்று டம்ளரில் வெந்நீரை வைத்துக்கொண்டு கதவோரம் நின்று தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். அண்ணாச்சி ஏமாந்துபோய்க் கிளம்பினார்.

பிப்ரவரி 5

பெயர்களைப் பதிவு செய்தோம், டயர்ஸ் மட்டும் மெட்டில் உட்காரவில்லை. ஒட்டு தெரிகிறது.

'பந்தலிட்ட' போன வருஷத்து உலகு, பால் மாதிரி. 'சங்கரலிங்கத்துக்கு' இந்த வருஷத்து உலகு, சாக்கைத் தரையில் இழுத்த மாதிரி. 'பக்கத் துணை நீயம்மா' மறுபடியும் பால். சங்கரலிங்கம் மட்டும் என்ன பாவம் செய்தார்?

திரும்பத் திரும்பப் பாட வைத்தேன். பாடப் பாட மோசமாகிறது. மைக் சூடாகிறதோ என்று தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

"அரைக் கட்டை சுருதி எறக்கி வைங்களேன்" என்றாள் உலகு.

"பாட்டு அஞ்சு கட்டைல இருக்கு. பேரு மட்டும் நாலரைக் கட்டைல பாடுனா சங்கரலிங்கம் பந்தல்லேருந்து குழிக்குள்ள விழுந்த மாதிரி இருக்கும்" என்றேன். என் நகைச்சுவையை நானே ரசித்தேன்.

ஷாகுலுக்குப் போன் செய்தேன். "கேபிளை மாத்திப் பாருங்க அண்ணாச்சி" என்றார்.

பிப்ரவரி 6

கேபிளை மாற்றினேன். கரகரப்பு அப்படியே.

பிப்ரவரி 9

மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு பெட்டி இருக்கிறது. குரலைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது. குற்றவாளி அதுதான் என்று முடிவு செய்து திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரர் வேறு பெட்டி மாற்றிக் கொடுத்தார். இதில் மூன்று திருகு அதிகம். மூன்றையும் எல்லாப் பக்கமும் திருகினேன். கரகரப்புக்கு ஒரு சேதாரமும் இல்லை.

"அந்தப் பழைய மைக்கே போதும்ங்க" என்றாள் உலகு, இரண்டாவது தடவையாக.

உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன். பழைய மைக் பாதிச் சத்தத்தை விழுங்கிவிடும், புது மைக் உள்ளதை உள்ளபடி காட்டும், அதுதான் முன்னேற்றம் என்றெல்லாம் விளக்கினேன். தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "உள்ளதை உள்ளபடி காட்டுதா?" என்று மட்டும் கேட்டாள். "ஆமா" என்றேன் பெருமையாக. எழுந்து போய்ச் சித்தரத்தையை இடிக்க ஆரம்பித்தாள்.

பிப்ரவரி 13

உலகும் முன்னேறிவிட்டாள். அடுப்படியிலிருந்து வாட்ஸ்அப்பில் 'சாப்பிட வாங்க' என்று செய்தி. இருபது அடி தூரம்தான். முன்பெல்லாம் தெருமுனை டீக்கடையில் இருந்தாலும் அவள் கூப்பிடுவது கேட்கும், டீ மாஸ்டரே "அக்கா கூப்பிடுதாவ" என்பார். மீன்காரரிடமும் விரலைக் காட்டியே பேரம் பேசுகிறாள். மீன்காரர் குழம்பிப் போய்க் குறைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல உத்தி என்று பாராட்டினேன்.

பிப்ரவரி 17

ஷாகுல் நேரில் வந்தார். நல்ல மனிதர், கூப்பிட்ட நேரத்துக்கு வருபவர். எல்லாவற்றையும் கழற்றி மாட்டினார். பழைய மைக்கையும் பரணிலிருந்து இறக்கி மாட்டினோம். அதிலும் கரகரப்பு இருந்தது, சற்றுக் குறைவாக. பழைய கம்ப்யூட்டர் போட்ட இரைச்சலில் அது இத்தனை நாள் அமுங்கிப் போயிருக்கும்.

"நீங்க ஏதாச்சும் பாடுங்க அண்ணாச்சி" என்றார் ஷாகுல்.

கல்யாணமான புதிதில் ஒருதடவை பாடினேன். உலகு கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டதால் பிறகு பாடியதில்லை. ஷாகுலுக்காக முட்டை அட்டைகளுக்கு நடுவே நின்று சங்கரலிங்கத்தைப் பாடினேன். போட்டுக் கேட்டோம். கழுதைதான். ஆனால் சுத்தமான கழுதை. ஒரு கரகரப்பு இல்லை.

ஷாகுல் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அதன் வயரை மெதுவாகச் சுற்றினார். உலகு கொண்டுவந்த டீயை வாங்கும்போது, "மதினி, நல்லா இருக்கீயளா?" என்று கேட்டார். வந்தவுடனேயே ஒருமுறை கேட்டிருந்தார். அவள் தலையை ஆட்டினாள்.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி" என்றார் என்னிடம்.

"அப்பொ கரண்டுதான்" என்றேன். "வீட்டு எர்த்திங் சரியில்ல. அதான் இழுக்கு."

ஷாகுல் என் முகத்தைப் பார்க்காமல், "எர்த்திங்கும் பாத்துருங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

பிப்ரவரி 19

கொல்லையில் குழி தோண்டினேன். ஆள் வைக்காமல் நானே. எர்த்திங் குழி இடுப்பளவுக்கு மேல் ஆழம் வேண்டும். கரியும் உப்பும் மாறி மாறிக் கொட்டி, நடுவே குழாயை இறக்கி, மேலே தண்ணீர் ஊற்ற வேண்டும். முதுகு விட்டுப்போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன சார், தென்னையா?" என்றார். "இல்ல, பாட்டு சரியா வரல" என்றேன். அவர் மெதுவாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

உலகு குடத்தோடு வந்து நின்றாள். ஊற்றவா என்று கையால் கேட்டாள். ஊற்றினாள். குழிக்குள் தண்ணீர் இறங்குவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் கண் கலங்கியிருந்த மாதிரி இருந்தது. கரித்தூள் பறந்துகொண்டிருந்தது.

பிப்ரவரி 22

எர்த்திங் போட்டாயிற்று. கரகரப்பு அப்படியே.

பிப்ரவரி 25

உலகு கடைக்குப் போயிருந்தாள். புது மைக்தான் குற்றவாளி என்று கடைக்காரரிடம் நிரூபிக்கச் சாட்சி வேண்டும். பழைய பாட்டுகளை எல்லாம் எடுத்து, அவள் 'அம்மா' என்றும் 'ஐயா' என்றும் நீட்டும் இடங்களை மட்டும் வெட்டி, தேதி வரிசையில் அடுக்கினேன். முந்தின வருஷத்துக் கொடை. போன வருஷக் கொடை. ஆடி. கார்த்திகை. மார்கழி. புது ஹெட்போனை மாட்டிக்கொண்டு வரிசையாகக் கேட்டேன்.

ஆடி வரை ஒன்றுமில்லை. கார்த்திகையில் நூல் அளவுக்கு இருக்கிறது. மார்கழியில் கயிறு அளவுக்கு. எல்லாம் பழைய மைக், பழைய கம்ப்யூட்டர்.

இதற்கு மேல் இன்று எழுதுவதற்கில்லை. குழிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

பிப்ரவரி 27

சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று வாங்கினேன். முதுகுக்கு நல்லதாம்.

பிப்ரவரி 28

மானிட்டரைச் சுவரோடு மாட்டும் இரும்புக் கை வாங்கினேன். மானிட்டரை மேலே ஏற்றலாம், கீழே இறக்கலாம், பக்கவாட்டில் திருப்பலாம். காலையிலிருந்து ஏற்றி இறக்கித் திருப்பிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 1

கோழை என்று ஒரு சொல் இருக்கிறது. நான் அதற்குப் புது மாடல்.

உலகைப் பதிவுக்குக் கூப்பிட்டேன். பாட வைக்க அல்ல. நேருக்கு நேர் கேட்கத் தைரியமில்லாமல், அவளை முட்டை அட்டை மூலையில் திரும்பி நிற்க வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, நானும் ஒன்றை மாட்டிக்கொண்டு என் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு பழைய மைக்கில் கேட்டேன். ஒரே அறைக்குள், எட்டிப் பிடிக்கும் தூரத்தில்.

"உலகு, தொண்ட வலிக்கா?"

பதில் ஹெட்போனில் வந்தது. ஊசி விழுந்தாலும் எடுக்கும் மைக் அல்லவா, அவள் எச்சில் விழுங்கியதுகூடக் கேட்டது.

"வலி இல்லங்க. கார்த்திகைலேருந்து இப்படித்தான் இருக்கு. சத்தமாப் பேசுனா அடைக்கு."

"ஏன் சொல்லல?"

"நீங்க புது மெஷின் வாங்குத சந்தோசத்துல இருந்தீய. அதுல கொரல சரி பண்ணுத சாப்ட்வேரு இருக்குன்னு நீங்கதான சொன்னீய. அது வந்தா சரியாப் போயிரும்னு நெனச்சேன்."

சொன்னது நான்தான். சுருதி கொஞ்சம் விலகினால் இழுத்து நிறுத்தும் என்று கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் பெருமையடித்தேன். அவள் அதை நம்பி, அது வரும்வரை பொறுத்திருந்திருக்கிறாள். வந்த மெஷினோ அவள் குரலை உள்ளது உள்ளபடி காட்டிக் கொடுத்திருக்கிறது. நான் அதைக் கேட்டுவிட்டுக் குழி தோண்டியிருக்கிறேன்.

எழுந்து போய் அவள் தோளைத் தொடலாம் என்று நினைத்தேன். ஹெட்போன் வயர் நாற்காலிச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு இழுத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 4

திருநெல்வேலியில் தொண்டை டாக்டர் அம்மாவைப் பார்த்தோம். மூக்கு வழியாக மெல்லிய குழாயில் கேமராவை இறக்கினார். உலகின் தொண்டை பெரிய மானிட்டரில் தெரிந்தது. முதலில் எனக்கு என்ன தோன்றியது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்: நம் மானிட்டரைவிட நன்றாக இருக்கிறதே என்று தோன்றியது. பிறகுதான் பார்த்தேன். இத்தனை வருஷம் எனக்குச் சோறு போட்ட இரண்டு சின்ன வெள்ளை நாண்கள். ஒன்றின் ஓரத்தில் பருக்கை அளவுக்கு ஒரு கட்டி.

"எவ்வளவு காலமா இருக்கு?" என்றார் டாக்டர்.

"கார்த்திகைலேருந்து" என்று உலகு சொன்னாள். "ஒரு மாசமா" என்று நான் சொன்னேன். டாக்டர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு அவள் சொன்னதை எழுதிக்கொண்டார்.

எடுத்துவிட வேண்டுமாம். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவார்களாம். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் பெயரைச் சொல்லவில்லை.

"பாடுவாங்களா டாக்டர்?"

"பேச்சு வரும். பாட்டைப் பத்தி இப்ப எதுவும் சொல்ல முடியாது. ஆறினப்புறம் பாக்கலாம்."

திரும்பி வரும் பஸ்ஸில் டிரைவர் அம்மன் பாட்டு போட்டார். எங்களுடையதில்லை. உலகு ஜன்னல் பக்கம் திரும்பி, வாய் மட்டும் அசைத்துக்கொண்டு வந்தாள்.

மார்ச் 10

ஆபரேஷன் முடிந்தது. ஒரு சொல் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது.

மார்ச் 12

வீட்டில் சத்தமே இல்லை. கம்ப்யூட்டரும் சத்தம் போடாது. இப்படி ஒரு அமைதியான ஸ்டூடியோ வேண்டும் என்று எத்தனையோ வருஷம் ஆசைப்பட்டேன். கிடைத்துவிட்டது. பழைய கம்ப்யூட்டரைப் பரணிலிருந்து இறக்கிச் சும்மா ஓட விட்டேன். உலகு வந்து, என்ன என்று சைகையில் கேட்டாள். தூசி தட்டுகிறேன் என்றேன்.

மார்ச் 17

பரிசோதனை முடிவு வந்தது. சாதாரணக் கட்டிதான், பயப்பட எதுவுமில்லை என்றார் டாக்டர்.

உலகைக் கேண்டீனில் உட்கார வைத்துவிட்டு, வண்டியை எடுத்து வருகிறேன் என்று ஆஸ்பத்திரி ஸ்டாண்டுக்கு வந்தேன். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு அழுதேன். வெளியே யாருக்கும் தெரியாது, அது வசதி. ஆனால் உள்ளே எதிரொலி அதிகம்.

குரல்நாண் இன்னும் ஆறவில்லையாம். மௌனம் தொடர வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மார்ச் 22

செல்லையா அண்ணாச்சி பழங்களோடு வந்தார். பழத்தைக் கொடுத்து, உடம்பை விசாரித்து, வாசல் வரை போய்த் திரும்பி, "பாட்டு எப்படிப்பா?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. சங்கரலிங்கம் அவரைத் தினமும் கேட்கிறாராம்.

வேறு பாடகியை வைத்து முழுப் பாட்டையும் பதிவு செய்யலாம். அதை வாய்விட்டுச் சொல்லக்கூட எனக்கு வரவில்லை. விஷயம் தெரிந்து ஷாகுல் இன்னொரு வழி சொன்னார். ஒருவருடைய பழைய பதிவுகளைக் கொடுத்தால் அந்தக் குரலைக் கற்றுக்கொண்டு, புது வரிகளை அதே குரலில் பாடும் சாப்ட்வேர் வந்திருக்கிறதாம். "ஒங்க புது மெஷின் அதுக்குத் தாங்கும் அண்ணாச்சி. மதினிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்யுங்க."

கேட்டேன். உலகு போனில் எழுதிக் காட்டினாள்: 'செய்ங்க. கொடை நிக்கக் கூடாது.'

மார்ச் 25

உலகின் பழைய பாட்டுகளை எல்லாம் கொடுத்தேன். அந்த அமைதியான கம்ப்யூட்டரே பகல் முழுக்க முக்கி முனகியது. சாயந்தரம் பாடியது.

'பந்தலிட்ட சங்கரலிங்கத்துக்குப் பக்கத் துணை நீயம்மா.'

உலகுதான். கரகரப்பு இல்லாத, போன ஆடி மாதத்து உலகு. ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. முதல் தடவை உடம்பு சிலிர்த்தது. ஐந்தாவது தடவை கேட்டபோது உறுத்த ஆரம்பித்தது. சங்கரலிங்கம் மாதிரிப் பெரிய பெயருக்கு முன்னால் உலகு அவசரமாக மூச்சு இழுப்பாள். இழுக்காதே, பதிவாகிறது என்று நான் எரிந்து விழுவேன். இது மூச்சே விடாமல் பாடியது.

திரும்பிப் பார்த்தேன். கதவில் உலகு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. போனில் எழுதி நீட்டினாள்: 'நல்லாருக்கு. நான் இல்லாமலே நல்லாருக்கு.'

அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரம் எதுவும் உருளவில்லை. கோபம் வந்தால் பாத்திரத்தை உருட்டுகிறவள்.

அந்தப் பதிவையும், குரலைக் கற்றுக்கொண்ட அந்தச் சாப்ட்வேரையும் அழித்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. இந்த வீட்டில் என்னிடம் யோசனை கேட்கும் ஒரே ஆள் அதுதான். ஆமாம் என்று அழுத்தினேன்.

மார்ச் 26

அழித்தாயிற்று, வீரமெல்லாம் சரி. சங்கரலிங்கத்துக்கு யார் பதில் சொல்வது?

கதவைச் சாத்திக்கொண்டு முட்டை அட்டை மூலையில் நின்று, உபயதாரர் பெயர்கள் எல்லாவற்றையும் நானே பாடினேன். உலகு 'பந்தலிட்ட' என்று நிறுத்தினால் நான் 'சங்கரலிங்கத்துக்கு' என்று உள்ளே புகுந்து வெளியேறுவேன். மறுபடி அவள் குரலில் 'பக்கத் துணை நீயம்மா.' ஒட்டு தெரிகிறதா என்று கேட்டால், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் எந்த இடத்தில் நின்றாலும் தெரியும்.

செல்லையா அண்ணாச்சியை வரவழைத்துப் போட்டுக் காட்டினேன்.

"தம்பி, அம்மன் பாட்டுக்கு நடுவுல மாடு ஏலம் விடுத மாதிரி இருக்கே."

"பேரு தெளிவாக் கேக்குதுல்லா அண்ணாச்சி?"

"அது கேக்குது. ரொம்பவே கேக்குது." எழுந்துகொண்டார். "கொட்டுச் சத்தத்தக் கொஞ்சம் தூக்கி வையி."

உலகுக்கு இன்னும் போட்டுக் காட்டவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

கொடை. பந்தலில் கூம்பு ஸ்பீக்கர்கள். நானும் உலகும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பாட்டு வந்தது. உலகின் குரல் எழும்பியதும் பக்கத்திலிருந்த பெண்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் தலை குனிந்துகொண்டாள். அந்தக் குரல் இனி அவளிடம் இருக்கிறதா என்று அங்கே யாருக்கும் தெரியாது. எங்களுக்கும் தெரியாது.

பிறகு நான் வந்தேன். 'சங்கரலிங்கத்துக்கு!'

வில்லுப்பாட்டுக்காரர் கையிலிருந்த தாம்பூலம் கீழே விழுந்தது. பிள்ளைகள் கத்திச் சிரித்தார்கள். இளநீர் உபயம் எசக்கிமுத்து எழுந்து, "யாருலே அது?" என்று ஸ்பீக்கரைப் பார்த்துக் கேட்டார், அடுத்த வரியில் அவர் பெயரே வரப் போவது தெரியாமல். டயர் கடை சங்கரலிங்கம் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு, நியாயமான விளம்பரம் கிடைத்த மனிதராக நின்றார்.

பயந்துகொண்டே உலகைப் பார்த்தேன். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு, சத்தம் வராமல், உடம்பு முழுக்கக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். கையெடுத்துக் கும்பிட்டாள், கல்யாணமான புதிதில் கும்பிட்ட மாதிரியே. எனக்குக் கூச்சமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. அவளைச் சிரிக்க வைத்தே எத்தனையோ மாதம் ஆகிவிட்டது.

ஏப்ரல் 11

டாக்டர் பேச அனுமதி கொடுத்தார். மெதுவாக, ஐந்து நிமிடம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். பாட்டு எப்போது என்று நான் கேட்கவில்லை. உலகும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பேசாதே, வீட்டுக்குப் போய்ப் பேசு என்று சொல்லி வைத்தேன். முதல் பேச்சைப் பதிவு செய்துவிட்டால் பழைய பதிவுகளோடு வைத்து ஒப்பிடலாம், எவ்வளவு மீண்டிருக்கிறது என்று அளந்துவிடலாம் என்று கணக்கு. வீட்டுக்கு வந்ததும் மைக்கை அவள் வாய் உயரத்துக்கு இறக்கினேன். அளவு பார்த்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பேசு என்று கை காட்டினேன்.

உலகு மைக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வந்து என் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"மைக்க அணைங்க. நான் ஒங்கட்டதான் பேசப் போறேன்."

அணைத்தேன்.

"பாட்டு வராமப் போயிட்டா என்ன செய்வீய?"

வேறு எந்தக் கேள்விக்கும் என்னிடம் ஒரு நக்கல் தயாராக இருந்திருக்கும்.

"தெரியல உலகு. பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றாள். "கார்த்திகைலேருந்து பயந்துக்கிட்டுதான் இருக்கேன். ஒத்தையா."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவள் பேசினாள், நான் கேட்டேன். என்ன பேசினாள் என்பது இங்கே எழுதுவதற்கில்லை. ஐந்து நிமிடம் தாண்டியதும் நான்தான் அவள் வாயைப் பொத்தினேன்.

ஷாகுல் போன் செய்தார். "மதினி பேசினாவளா? கொரல் எப்படி இருக்கு? கரகரப்பு போயிட்டா?"

"கவனிக்கல" என்றேன்.

அவர் நம்பவில்லை.